டெமோ வீடியோவை எதில் எடுப்பது? திரைப்பதிவுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன அளவில் மென்பொருள் செய்து விற்கிறவர்களும், டாலி டீலர்களும், கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பொறுப்பைப் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "திரையில நடக்கிறதை அப்படியே எடுத்து ஆளுங்களுக்குக் காட்டணுங்க. ஓபிஎஸ் போட்டுக்கலாமா, காசு கொடுத்துக் கேம்டேசியா வாங்கிடலாமா, இல்லை விண்டோஸ்ல இருக்கிறதே போதுமா?"

இதற்கு இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை கேம் விளையாடுவதைப் பதிவு செய்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நொடிக்கு 60 ஃபிரேம் வருமா, 4கே தாங்குமா என்றுதான் போகும். டெலிவரி சலான் போடும் திரையைக் காட்டுவதற்கு நொடிக்கு 15 ஃபிரேமே தாராளம். நமக்கு எழுத்து தெளிவாகத் தெரியணும், பார்க்கிற ஆள் அதைப் பார்த்துத் தானே செய்யணும். அதனால் அளவுகோலையே மாற்றிக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

திரை எத்தனை நாள் இப்படியே இருக்கும்? என்னைக் கேட்டால் இதுதான் முதல் அளவுகோல். பலரும் இதைக் கடைசியில்கூட யோசிப்பதில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கு அருமையாக ஒரு வீடியோ எடுத்து வைக்கிறீர்கள். அடுத்த மாதம் உங்கள் புரோகிராமரே 'சேமி' பட்டனை மேலிருந்து கீழே நகர்த்திவிடுகிறார். நான்காவது நிமிடத்தில் இல்லாத பட்டனைத் தேடுகிறவர் உங்களுக்குத்தான் போன் செய்வார். வீடியோ எடுக்கும் செலவு மென்பொருள் வாங்குவதோடு முடிவதில்லை. திரும்ப எடுப்பதில்தான் இருக்கிறது.

யார், எதில், எங்கே பார்க்கப் போகிறார்? அவினாசி சாலை அலுவலகத்தில் ஏசி அறையில் முதலாளிக்குப் பெரிய டிவியில் போட்டுக் காட்டுவது ஒரு வகை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் ஓரமாக நின்றுகொண்டு, ஓவர்லாக் மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவில் சூப்பர்வைசர் தன் போனில் பார்ப்பது இன்னொரு வகை. இவருக்கு உங்கள் குரல் பாதி கேட்காது. எழுத்தும் தெரியாது. 15.6 அங்குல லேப்டாப் திரையின் அகலம் ஏறத்தாழ 34 செ.மீ.; போனை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 7 செ.மீ. சொச்சம். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய இன்வாய்ஸில் எச்எஸ்என் குறியீட்டை யாரால் படிக்க முடியும்?

ஒரே ஜன்னலா, பலவா? ஈஆர்பியில் (கம்பெனியின் பில், சரக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருளில்) பில் போட்டு, ஃபைலை இறக்கி, பிரவுசரில் ஈ-வே பில் தளத்துக்குப் போய் ஏற்றுவது என்றால் மூன்று ஜன்னல்கள். சில கருவிகள் இங்கேதான் கவிழும்.

மவுஸா, கீபோர்டா? டாலியில் பழகியவர்கள் மவுஸைத் தொடவே மாட்டார்கள். எஃப்8 தட்டினால் விற்பனை, எஃப்9 தட்டினால் கொள்முதல். அந்தச் சாவித் தட்டல் திரையில் தெரியாது. தட்டியதைக் காட்ட ஏற்பாடு செய்யாத டாலி வீடியோவில், புதிதாகப் பார்க்கிறவருக்குத் திரைகள் தானாக மாறுவதுபோல் இருக்கும்.

திரையில் யாருடைய கணக்கு? பையர் (சரக்கு வாங்குகிறவர்) பெயரும் பீஸ் விலையும் வெளியே போனால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு, ஓடிபி வந்து விழும் நோட்டிஃபிகேஷன் எல்லாம் இதில் அடக்கம்.

விலையைக் கடைசியில் வைக்கிறேன். பணம் கேட்காத கருவியும் நேரத்தைக் கேட்கும். யாருடைய நேரம் என்பதுதான் கணக்கு.

## 1. விண்டோஸில் ஏற்கெனவே இருப்பவை

விண்டோஸ் 11 என்றால் ஸ்னிப்பிங் டூலே வீடியோ எடுக்கும். பகுதியைக் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்து, மைக்கை ஆன் செய்து, பதிவைத் தொடங்க வேண்டியதுதான். எம்பி4 ஃபைலாகக் கிடைக்கும். முன்னும் பின்னும் வெட்டி ஒட்டணும் என்றால் கூடவே கிளிப்சாம்ப் இருக்கிறது. இலவசக் கணக்கிலேயே 1080பி தரத்தில் எடுத்துக்கொள்ளலாம்; அதிலேயே திரையைப் பதிவு செய்தால் ஒரு தடவைக்கு 30 நிமிடம் வரைதான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் பில் போடும் மேஜைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஸ்னிப்பிங் டூலுக்கு வீடியோ வராது. கேம் பார் உண்டு: விண்டோஸ் சாவியோடு ஆல்ட், ஆர் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். பெயரே சொல்வதுபோல அது கேமுக்காகச் செய்தது. ஒரே ஒரு ஜன்னலை மட்டும் பிடித்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பையோ ஃபைல் எக்ஸ்ப்ளோரரையோ எடுக்காது. ஈஆர்பியிலிருந்து பிரவுசருக்குத் தாவினால் வீடியோவில் ஈஆர்பி மட்டும் அசையாமல் நின்றிருக்கும். இதைவிடக் கொடுமை, சில பழைய மென்பொருள்களில் கீழே விரியும் பட்டியல் தனி ஜன்னலாகத் திறக்கும். நீங்கள் பட்டியலைத் திறந்து '30 காம்ப்டு' என்று நூலைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வீடியோவில் பட்டியலே இருக்காது. கர்சர் வெறும் இடத்தில் இறங்கி நிற்கும், கட்டத்தில் திடீரென்று பெயர் வந்து உட்காரும்.

பவர்பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. இன்செர்ட் பகுதியில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் இருக்கிறது. ஸ்லைடில் நேராக வந்து உட்காரும்; வலது கிளிக் செய்து தனி வீடியோவாகவும் சேமிக்கலாம். கண்காட்சிக்கோ வாடிக்கையாளர் கூட்டத்துக்கோ ஸ்லைடு தயாரிக்கிறவர் வேறெதையும் தேட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: பெரிதாக்கிக் காட்டுவது, கிளிக்கைக் காட்டுவது எதுவும் இவற்றில் கிடையாது. பெரிதாக்கிக் காட்ட மைக்ரோசாஃப்ட்டின் ஜூம்இட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். கண்ட்ரோலும் 1-ம் அழுத்தினால் திரை பெரிதாகும், கண்ட்ரோலும் 2-ம் அழுத்தினால் சிவப்புக் கோடு போடலாம். முழுத்திரையையும் எடுக்கும் எந்தப் பதிவுக் கருவியோடும் சேர்ந்து வேலை செய்யும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் ஜூம்இட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இதுவே சரி: ஒரு வாடிக்கையாளருக்கு, ஒரு சந்தேகத்துக்கு, இன்றைக்கே பதில் அனுப்பணும் என்றால்.

## 2. ஓபிஎஸ் ஸ்டுடியோ

2012-இல் தொடங்கிய திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாட்டர்மார்க் இல்லை, நேர வரம்பு இல்லை, சந்தா இல்லை. முழுத்திரை, ஒரு ஜன்னல், வெப்கேமரா எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்துக் காட்சிகள் செய்துகொள்ளலாம். ஒலியைத் தனித்தனி டிராக்குகளாகப் பதிவு செய்யலாம். ஆறு வரை உண்டு. இது நமக்கு ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் குரல் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

நம்மூருக்கு இதில் பிடித்த அம்சம் ஒன்று சொல்லணும். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், பிரச்சினை அதுவல்ல. திடீரென்று ஒரு நொடி போய்வரும் கரண்ட்தான் பிரச்சினை. சாதாரண எம்பி4 ஃபைலுக்குக் கடைசியில் ஒரு முடிப்பு எழுத வேண்டும். பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தால் அந்த முடிப்பு இல்லாமல் ஃபைல் திறக்காமலே போகும். ஓபிஎஸ்ஸில் எம்கேவி என்று வைத்து எடுத்தால், அணைந்த நொடி வரை பதிவானது பத்திரமாக இருக்கும். அப்புறம் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும், சில நொடிதான். யுபிஎஸ் பேட்டரி கிழடாகிப்போன அலுவலகங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மறைந்திருக்கும் செலவு கற்றுக்கொள்வதில். முதல் நாள் திறந்தால் கறுப்பாக ஒரு திரை, 'சோர்ஸ்' சேர் என்று காத்திருக்கும். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் திரையைச் சேர்த்த பிறகும் கறுப்பாகவே நிற்கலாம். விண்டோஸ் கிராஃபிக்ஸ் அமைப்பில் போய் ஓபிஎஸ்ஸை மின்சாரம் சேமிக்கும் சிப்பில் ஓடச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் "ஓபிஎஸ் வேலைக்கு ஆகாது" என்று கைவிட்டவர்கள் நிறைய. மைக் சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்டால் ஒலி அமைப்பில் 'மோனோ'வை டிக் செய்யணும். கேன்வாஸ் (எடுக்கும் திரை) அளவு 1920×1080, வெளியீடு 1280×720 என்று தெரியாமல் மாறியிருந்தால் எழுத்தெல்லாம் மசமசவென்று வரும். ஒரு தடவை சரிசெய்து, அந்த அமைப்பை ஒரு புரொஃபைலாகச் சேமித்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை.

எடிட்டிங் இதில் இல்லை. ஷாட்கட் போன்ற இலவச எடிட்டர் ஒன்று கூட வேண்டும். டாலிக்காரர்கள் தட்டிய சாவியைக் காட்டக் கார்னாக் என்ற சின்ன இலவச மென்பொருளைப் பக்கத்தில் ஓடவிட்டு முழுத்திரையையும் எடுத்தால், எஃப்8 என்று மூலையில் விழும். ஒரே ஜன்னலை மட்டும் பிடித்தால் அது பதிவாகாது, கவனம்.

எப்போது இதுவே சரி: தொடர்ந்து எடுக்கப் போகிறீர்கள், பல ஜன்னல்கள் மாறுகிறீர்கள், எடுத்தது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கணும் என்கிறீர்கள். இந்தப் பக்கத்துச் சின்ன மென்பொருள் கம்பெனிகளில் பாதிப் பேருக்கு மேல் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

## 3. கேம்டேசியா

பதிவும் எடிட்டிங்கும் ஒரே இடத்தில். டெக்ஸ்மித் நிறுவனத்தின் இந்த மென்பொருள் இருபது வருடத்துக்கும் மேலாக இதே வேலைக்காக இருக்கிறது. கேமுக்கோ நேரலைக்கோ செய்ததை நாம் வளைத்துக்கொள்வதுபோல் இல்லை. கர்சரை இது படத்தோடு ஒட்டிவிடாமல் தனியாகப் பதிவு செய்கிறது. எடுத்து முடித்த பிறகு கர்சரை இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், கிளிக் செய்த இடத்தில் வளையம் போடலாம், அங்குமிங்கும் தடுமாறிய கர்சரை மறைத்தே விடலாம். குறிப்பிட்ட கட்டத்தை நெருங்கிப் பெரிதாக்கிக் காட்டுவது இழுத்துப் போட்டால் வந்துவிடும். போனில் பார்க்கிறவருக்கு இது எவ்வளவு உதவி என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் புரியும்.

சந்தா வருடா வருடம் கட்டணும். அது வெளியே தெரியும் செலவு. தெரியாத செலவு: ப்ராஜெக்ட் ஃபைல் அதற்கே உரிய வடிவத்தில் இருக்கும். சந்தாவை நிறுத்தினால் எடுத்து முடித்த எம்பி4 இருக்கும், ஆனால் உள்ளே போய் ஒரு வரியைத் திருத்த முடியாது. திரை அடிக்கடி மாறும் மென்பொருளுக்கு இது பொறி. இன்னொன்று, எட்டு ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் நீளமான வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால் டீ குடித்துவிட்டு வரலாம், கூடவே ஒரு தேங்காய் பன்னும் சாப்பிட்டு வரலாம்.

இருந்தாலும், விற்பனைக்கான வீடியோ என்றால் தயங்காமல் வாங்கலாம். தளத்தின் முகப்பில் நிற்கும் இரண்டு நிமிட அறிமுகம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் டெமோ போன்றவற்றில் நேர்த்திக்கு விலை உண்டு. மாதத்துக்கு நாலைந்து வீடியோ தவறாமல் எடுக்க ஓர் ஆளை வைத்திருக்கும் கம்பெனியில், அந்த ஆளின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சந்தா பெரிய தொகை இல்லை. வருடத்துக்கு இரண்டு வீடியோ எடுக்கிறவர் வாங்கினால் வீண்.

## 4. லூம் மாதிரியான இணையக் கருவிகள்

பிரவுசரிலேயே பதிவு செய்து, முடித்ததும் ஒரு இணைப்பு கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஃபைல் சுமக்கிற வேலை இல்லை. எதிர்ப்பக்கம் பார்த்தாரா என்பதும் தெரியும். 2023-இல் லூமை அட்லாசியன் வாங்கியது. இலவசத் திட்டத்தில் ஒரு வீடியோவுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் 25 வீடியோ என்று வரம்பு. ஐந்து நிமிட வரம்பை நான் குறையாகவே சொல்ல மாட்டேன். அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் வீடியோ உங்களிடம் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கிறது. சந்தா முடிந்து கணக்கு முடங்கினால் நீங்கள் ஊரெல்லாம் கொடுத்த இணைப்புகளின் கதி என்ன என்று யோசியுங்கள். வாடிக்கையாளரின் கணக்கைத் திரையில் வைத்து எடுத்தால், அந்தக் கணக்கு வெளியூர் சர்வரில் ஏறுவதற்கு அவர் சம்மதித்தாரா என்பதும் கேள்வி. சிப்காட், சிட்கோ பேட்டைகளின் சில மூலைகளில் பதிவேற்ற வேகம் இன்னும் மோசம். அங்கிருந்து எடுத்தால் இணைப்பு தயாராகக் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும்.

எப்போது இதுவே சரி: புரோகிராமருக்குப் பிழையைக் காட்ட. "இந்தக் கட்டத்துல 18 சதவீதம் போட்டா 5 சதவீதம்னு வருது, பாருங்க" என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். எழுதி விளக்க அரை மணி ஆகும். வேலை முடிந்ததும் அந்த வீடியோவின் ஆயுளும் முடிந்தது.

## 5. வீடியோவே வேண்டாம்: படம் படமாக

திரைப்பதிவு பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது விசித்திரமாகப் படலாம். திரை மாறும் வேகத்தை முதல் அளவுகோலாக வைத்தால் பல இடங்களில் வெல்வது இதுதான்.

பனியன் கம்பெனியில் துணியை டையிங்குக்கு அனுப்ப டிசி (டெலிவரி சலான்) போடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி பெயர், லாட் எண், நிறம், ரோல் எண்ணிக்கை, எடை, வண்டி எண், பிரிண்ட். ஏழு படி. ஏழு ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒரு சிவப்பு வட்டம், கீழே ஒரு வரி. இதை ஏ4 தாளில் அச்சடித்து லேமினேட் செய்து டிசி போடும் மேஜைக்கு மேலே ஒட்டிவிடலாம். கையில் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி டைப் அடிப்பதைவிட நிமிர்ந்து சுவரைப் பார்ப்பது எளிது. சத்தம் கேட்க வேண்டியதில்லை. நாலாவது திரை மாறினால் நாலாவது படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இதற்கு ஷேர்எக்ஸ், கிரீன்ஷாட் இரண்டும் இலவசம். இரண்டிலும் கிளிக் செய்யச் செய்ய 1, 2, 3 என்று எண் தானாக விழும் வசதி உண்டு. விண்டோஸோடு வந்த ஸ்டெப்ஸ் ரெக்கார்டரை நம்பி இனிப் புதிதாகத் தொடங்க வேண்டாம். அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இலேயே சொல்லிவிட்டது. அசைவைக் காட்டியே ஆகணும் என்ற ஒரு படிக்கு மட்டும் ஸ்கிரீன்டுஜிஃப்பில் பத்து நொடி ஜிஃப் எடுத்து இணைக்கலாம். ஜிஃப்பில் 256 நிறம்தான், ஒலி கிடையாது. துணி நிறத்தைக் காட்டும் திரைக்கு அது உதவாது, படிவத்துக்குப் போதும்.

மறைந்திருக்கும் செலவு பொறுமை. இருபது படங்களை வெட்டி, எண் போட்டு, வரி எழுதுவதற்குள் வீடியோ எடுத்தே முடித்திருக்கலாம் என்று தோன்றும். முதல் தடவைக்கு அது உண்மையும்கூட. இரண்டாவது தடவை திரை மாறும்போதுதான் லாபம் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | நேரம் எங்கே போகும் | திரை மாறினால் | பொருத்தமான வேலை |
|---|---|---|---|---|
| விண்டோஸில் இருப்பவை | இல்லை | பெரிதாக்கிக் காட்ட வேறு கருவி சேர்ப்பதில் | திரும்ப எடுக்கணும் | அவசரப் பதில் |
| ஓபிஎஸ் | இல்லை | முதலில் கற்பதில், தனி எடிட்டரில் | அந்தத் துண்டை மட்டும் எடுக்கலாம் | தொடர் பயிற்சி வீடியோக்கள் |
| கேம்டேசியா | ஆண்டுச் சந்தா | எடிட்டிங்கில் | எளிது, சந்தா இருக்கும்வரை | விற்பனை டெமோ |
| லூம் வகை | வரம்போடு இலவசம், பிறகு சந்தா | பதிவேற்றத்தில் | திரும்ப எடுக்கணும் | பிழை காட்ட, ஒருவருக்கான பதில் |
| படங்கள் | இல்லை | வெட்டி எண் போடுவதில் | ஒரு படம் மாற்றினால் போதும் | தினசரி வேலை, அடிக்கடி மாறும் திரை |

ஆறாவதாக ஒன்று இருக்கிறது: போனை எடுத்து மானிட்டரையே வீடியோ பிடிப்பது. அலையலையாகக் கோடு ஓடும், விளக்கு வெளிச்சம் அடிக்கும், எழுத்து தெரியாது. கம்ப்யூட்டரே பூட் ஆகாதபோது சர்வீஸ்காரருக்குப் பிழைச் செய்தியைக் காட்ட மட்டும் அது சரி.

## காட்ட வேண்டியது போன் ஆப் என்றால்

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் ஓடுகின்றன. வண்டியோடு ஒடிசாவில் இருக்கிற மேனேஜருக்கு டீசல் செலவை ஆப்பில் எப்படிப் போடுவது என்று காட்ட லேப்டாப்பே தேவையில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவு போனிலேயே இருக்கிறது. தொடங்கும்போது 'திரையில் தொடுவதைக் காட்டு' என்பதை ஆன் செய்துவிடுங்கள். விரல் வைத்த இடத்தில் புள்ளி விழும். பார்க்கிறவரும் போனில்தான் பார்க்கிறார் என்பதால் எழுத்து அளவுப் பிரச்சினையே வராது. கம்ப்யூட்டரில் எடுத்தால்தான் வசதி என்கிறவர்கள், போனை யுஎஸ்பியில் இணைத்து ஸ்கிரீன் காப்பி (scrcpy) என்ற இலவசக் கருவியில் பார்க்கலாம், பதிவும் செய்யலாம்.

வங்கி ஆப்களும் சில யுபிஐ ஆப்களும் பதிவில் கறுப்பாகத்தான் வரும். கருவியில் கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக அவர்களே அடைத்து வைத்திருக்கிறார்கள். பணம் செலுத்தும் படியை மட்டும் வாயால் சொல்லிக் கடந்துவிடலாம்.

## எதை எடுத்தாலும், எடுக்கும் முன்

மாதிரிக் கம்பெனி ஒன்றை முதலில் உருவாக்குங்கள். கற்பனைப் பார்ட்டி, கற்பனை விலை. எடுத்து முடித்த பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் பையர் பெயரை மங்கலாக்கிக்கொண்டிருப்பது நரகம். டாலிக்கு லைசென்ஸ் இல்லாத கல்விப் பயன்முறையே போதும். அதில் மாதத்தின் சில தேதிகளில்தான் பதிவு போட முடியும், டெமோவுக்கு அது தடையில்லை. வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள், நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள்.

திரை அளவை 1280×720-க்கு இறக்குங்கள், அல்லது விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 சதவீதமாக ஏற்றுங்கள். உங்களுக்கு அசிங்கமாகப் பெரிதாகத் தெரிவதுதான் போனில் சரியாகத் தெரியும்.

ஒரு வேலைக்கு ஒரு வீடியோ. டிசி போடுவது ஒன்று, டிசியைத் திருத்துவது இன்னொன்று. ஒன்றில் திரை மாறினால் அதை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது தானாகச் சுருக்கி எழுத்தைக் கலங்கடித்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை ஏற்கும், தரமும் குறையாது. பெரிய எண்ணிக்கை என்றால் யூடியூபில் பட்டியலில் வராதபடி ஏற்றி இணைப்பைக் கொடுக்கலாம்.

குரலைப் பொறுத்தவரை, திரையை மௌனமாக முதலில் எடுத்துவிட்டுப் பேச்சைத் தனியாகப் பதிவு செய்வதையே நான் சொல்வேன். சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்குப் பக்கத்து விசைத்தறி எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஓபிஎஸ்ஸின் இரைச்சல் நீக்கி மின்விசிறிச் சத்தத்தை நன்றாக விழுங்கும்; தறியின் தடதடப்பை விழுங்கப்போய் உங்கள் பேச்சையும் சேர்த்துக் கடித்துவிடும். தறி நிற்கும் நேரத்தில் போனிலேயே பேசிப் பதிவு செய்து பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஒரே மூச்சில்தான் எடுப்பேன் என்றால், ஓபிஎஸ்ஸில் மைக்கை ஒரு டிராக், கம்ப்யூட்டர் ஒலியை இன்னொரு டிராக் என்று பிரித்துவிடுங்கள். பேச்சை மட்டும் பிறகு தூக்கிவிட்டு வேறு போடலாம். பேசும்போது புத்தகத் தமிழ் வேண்டாம். "இங்க கிளிக் பண்ணுங்க, இப்ப லாட் நம்பரைப் போடுங்க" என்றாலே எல்லோருக்கும் புரியும்.

திருப்பூரில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இந்தி பேசும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. குரல் தனி டிராக்கில் இருந்தால் அதே திரைப்பதிவுக்கு இந்திக் குரலை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம், திரும்ப எடுக்க வேண்டாம். அதனால் பேச்சு சேர்க்காத மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நொடிக்கு 2,500 கிலோபிட் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு 19 எம்பிதான் ஆகும். இரண்டு நிமிட வீடியோ ஐம்பது எடுத்தாலும் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஃபைல் பெயரில் மென்பொருளின் பதிப்பு எண்ணைச் சேர்த்து வையுங்கள், அடுத்த அப்டேட் வந்ததும் எதையெல்லாம் திரும்ப எடுக்கணும் என்று தேட வேண்டியிருக்காது.